தகடுகளுக்கு இடையே ஓடும் காற்று

காவிரியின் வடகரையில் குளித்தலைக்கு நேர் எதிரே அமைந்த முசிறி வட்டாரத்தில் வாழையும் நெல்லும் கோரையும் வாய்க்கால் நீரைப் போலவே கிணற்று நீரையும் நம்பிப் பயிராகின்றன. ஆற்றில் மணல் தெரியத் தொடங்கும் சித்திரை, வைகாசி மாதங்களிலோ அந்தப் பயிர்களின் பிராணன் முழுவதும் மோட்டார் கொட்டகைகளுக்குள் ஓடும் யந்திரங்களின் வசம் போய்விடுகிறது. காயில் எரிந்த மோட்டாரைக் கடைக்குத் தூக்கிச் செல்லும் விவசாயி, கரண்டு குறைவாக வந்ததையும் மும்முனையில் ஒரு முனை விட்டுப்போனதையும் காரணமாகச் சொல்வார். இரண்டும் மெய்யான காரணங்களே என்பதில் சந்தேகமில்லை. ஆனால், யந்திரத்துக்குள் பிறந்த உஷ்ணம் வெளியே போக வழி இருந்ததா, அந்த வழியில் காற்று சென்றதா, சென்ற காற்று சூடான உலோகத்தைத் தழுவிச் சென்றதா அல்லது தொடாமலே விலகிப் போயிற்றா என்ற விசாரணை அநேகமாக நடைபெறுவதே இல்லை. அந்த விசாரணையைச் சற்று விரிவாக நடத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

மோட்டாரின் வார்ப்பிரும்பு உடம்பின்மேல் நீளவாக்கில் எழுந்து நிற்கும் வரிகளும், டிரான்ஸ்பார்மரின் பக்கங்களில் அடுக்கடுக்காக நிற்கும் ரேடியேட்டர் தகடுகளும், ஸ்கூட்டர் சிலிண்டரைச் சுற்றியுள்ள வளையங்களும், சூரியசக்தி பம்புகளின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் பின்னால் பொருத்தியிருக்கும் அலுமினிய ஹீட் சிங்கும் உருவத்தில் வேறுபட்டாலும் தத்துவத்தில் ஒன்றே. ‘ஃபின்’ என்று பட்டறைகளில் வழங்கும் இந்தத் தகடுகளின் பிரயோஜனம், உஷ்ணத்தைக் காற்றிடம் ஒப்படைப்பதற்கான பரப்பைப் பெருக்குவது. பரப்பு பெருகப் பெருக யந்திரம் குளிரும் என்பது பாதி உண்மை. தகடுகளைப் பெருக்கும்போது அவற்றின் இடைவெளி சுருங்குகிறது. இடைவெளி சுருங்கும்போது அதன் வழியே போகும் காற்று குறைகிறது. காற்று குறைந்தபின் பரப்பு எவ்வளவு இருந்தும் பயனில்லை. ஆகவே தகடு எத்தனை என்று கேட்பதைக் காட்டிலும், வெற்றிடம் எங்கே, எவ்வளவு, எந்த உருவத்தில் விடப்பட்டிருக்கிறது என்று கேட்பதே இத்துறையின் மூலப் பிரச்சினை.

இதை உணர, உலோகத்துக்கும் காற்றுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அலுமினியக் கலவையின் உஷ்ணக் கடத்துதிறன், அலகுக் கணக்கில் சுமார் 200, காற்றினுடையது 0.026, அதாவது இரண்டுக்கும் ஏறத்தாழ எட்டாயிரம் மடங்கு வித்தியாசம். 40 மில்லிமீட்டர் உயரமும் ஒன்றரை மில்லிமீட்டர் கனமும் உள்ள ஓர் அலுமினியத் தகடு, விசிறியின் உதவியில்லாத காற்றில் நிற்குமானால், அடி முதல் நுனி வரை ஒரே உஷ்ணத்தில் நிற்கும் உத்தமத் தகட்டின் வேலையில் 96 சதவீதத்தைச் செய்துவிடுகிறது. விசிறி வீசும் வார்ப்பிரும்பு வரிகளுங்கூட எண்பது சதவீதத்துக்கு மேல் எளிதில் தேறும். தகட்டின் கனம், உயரம், உலோகம் ஆகியவற்றின் கணிதத்தை ஹார்ப்பர், பிரவுன் என்னும் இருவர், காற்றால் குளிரும் விமான எஞ்சின்களுக்காக அமெரிக்காவில் 1922-லேயே வகுத்து விட்டார்கள். அதற்குப் பிந்திய நூறாண்டுக் காலத்தில் உலோகத்தைப் பற்றிப் பெரிய தகராறு எதுவும் எழவில்லை. எழுந்த தகராறுகள் பெரும்பாலும் காற்றைப் பற்றியவை.

சூடான தகட்டை ஒட்டிச் செல்லும் காற்றில், உலோகத்தைத் தொட்டு நிற்கும் அணு அளவு படலம் நகர்வதே இல்லை; அதற்கு அடுத்த படலங்கள் சிறிது சிறிதாக வேகம் பெற்று, ஓரளவு தூரம் விலகிய பின்னரே முழு வேகத்தை அடைகின்றன. மந்தமாக நகரும் இந்தப் போர்வை, காற்று தகட்டின் வழியே செல்லச் செல்லத் தடித்துக்கொண்டே போகிறது. நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் காற்று ஒரு தகட்டின் முனையில் நுழைந்தால், ஒரு சென்டிமீட்டர் கடந்த இடத்தில் போர்வையின் கனம் 1.2 மில்லிமீட்டர், பத்து சென்டிமீட்டர் கடந்த இடத்தில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். எதிரெதிரே நிற்கும் இரு தகடுகளின் போர்வைகள் நடுவில் சந்தித்துக் கலந்துவிட்டால், அதற்கப்பால் செல்லும் காற்று, ஏற்கெனவே சூடேறிய காற்று. உலோகத்திடமிருந்து உஷ்ணத்தைப் பெற்றுக்கொள்ளும் சக்தியை அது பெரும்பாலும் இழந்துவிடுகிறது. போர்வைகள் வெளியேறும் வாயிலை நெருங்கும் தறுவாயில் சந்திக்குமாறு தகடுகளை நிறுத்துவதே உத்தமமான இடைவெளி என்று இதிலிருந்து எவரும் ஊகித்துவிடலாம்; கணிதமும் பரிசோதனையும் அந்த ஊகத்தை ஆதரிக்கவே செய்கின்றன.

விசிறி இல்லாமல், சூடான காற்று தானே மேலெழும் சுபாவத்தை மட்டும் நம்பி வேலை செய்யும் தகடுகளைப் பற்றிய மூல ஆராய்ச்சி, ஹாலந்தில் எலென்பாஸ் என்பவர் 1942-ல் வெளியிட்டது. செங்குத்தாக எதிரெதிரே நிறுத்திய இரு தகடுகளின் நடுவே காற்று எழும்பும் விதத்தை அளந்து, இடைவெளி மாறும்போது உஷ்ண வெளியேற்றம் மாறும் நியதியை அவர் ஒரே வளைகோட்டில் அடக்கிக் காட்டினார். மின்னணுச் சாதனங்கள் பெருகிய பின், 1984-ல் பார்-கோஹன், ரோசெனோ ஆகிய இருவரும் அந்த வளைகோட்டிலிருந்து உத்தம இடைவெளியை நேரடியாகக் கணக்கிடும் சூத்திரத்தை வடித்தெடுத்தனர். அவர்கள் சூத்திரத்தின்படி, சுற்றுப்புறக் காற்றைவிட 50 டிகிரி கூடுதலாகச் சூடேறிய, 10 சென்டிமீட்டர் உயரமுள்ள தகடுகளுக்கு உத்தம இடைவெளி ஆறரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு அது எட்டரை மில்லிமீட்டரைத் தாண்டும். ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு 13 மில்லிமீட்டரை நெருங்கும். உயரம் பதினைந்து மடங்கானாலும் இடைவெளி இரு மடங்கே ஆகிறது என்பது இங்கே கவனிக்கத்தக்கது. கண்ணுக்கு நெருக்கமாகவும் கனமாகவும் தோன்றும் ஹீட் சிங்கே சிறந்தது என்று எண்ணி, 2 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள ஒன்றை வாங்கி, விசிறி இல்லாத பெட்டியில் பொருத்துபவர், உலோகத்துக்குக் காசு கொடுத்துக் காற்றை விலக்கி வைக்கிறார் என்பதே இந்தக் கணக்கின் தாத்பரியம்.

விசிறி புகுந்தவுடன் நியாயம் மாறுகிறது. தள்ளும் அழுத்தம் இருப்பதால் தகடுகளை இன்னும் நெருக்கி நிறுத்த முடியும். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள தகடுகளின் இரு முனைகளுக்கிடையே ஒரு மில்லிமீட்டர் உயர நீரின் அளவு அழுத்த வித்தியாசம் கிடைத்தால், பேஜான், ஷூபா ஆகியோர் 1992-ல் வகுத்த கணக்கின்படி உத்தம இடைவெளி சுமார் 2.2 மில்லிமீட்டருக்கு இறங்கிவிடுகிறது. ஆனால் நெருக்கத்துக்கு விலை உண்டு. ஒழுங்காக ஓடும் காற்று ஒரு குறுகிய சந்தில் செல்லும் அளவு, அந்தச் சந்தின் அகலத்தை மும்முறை பெருக்கிய கணக்கில் ஏறி இறங்குகிறது. அகலத்தைப் பாதியாக்கினால் ஒரு சந்தில் போகும் காற்று எட்டில் ஒன்றாகிறது; சந்துகளின் எண்ணிக்கை இரட்டித்தாலும் மொத்தக் காற்று நான்கில் ஒரு பங்குதான். இந்த நெருக்கத்தை அதன் எல்லை வரை கொண்டு போனவர்கள் டக்கர்மன், பீஸ் என்னும் இருவர்: 1981-ல் சிலிக்கான் துண்டிலேயே தலைமயிரின் கனத்தை ஒத்த கால்வாய்களைக் கீறி, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 790 வாட் உஷ்ணத்தை எடுத்துக் காட்டினார்கள். அந்தக் கால்வாய்களில் அவர்கள் ஓட்டியது காற்று அன்று, அழுத்தம் கொடுத்த தண்ணீர் என்பதை மறந்துவிட்டு, அவர்கள் வெற்றியைக் காற்றுக்கும் பொருத்திப் பேசுவது தகாது.

இதுவரை சொன்னவை தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பற்றியவை. புத்தகங்கள் அதிகம் பேசுவதும் அதைப் பற்றியே. ஆனால் நடைமுறையில் அதிகக் கேடு விளைவிப்பது, எவரும் இடைவெளி என்று கருதாத மற்றொரு வெற்றிடம்: தகடுகளின் நுனிக்கும் மேலே உள்ள மூடிக்கும் நடுவிலும், தகடுக் கூட்டத்தின் இரு பக்கங்களிலும், கவனக் குறைவால் விடப்படுகிற திறந்த வழி. கரை உடைந்த வாய்க்காலில் வரும் நீர், உடைப்பின் வழியே பள்ளத்துக்கு ஓடிக் கடைமடை வயலைக் காயவிடுவது போலவே, விசிறி தள்ளிய காற்றும் நெருங்கிய சந்துகளில் நுழையச் சிரமப்படாமல் மேலே திறந்திருக்கும் வழியில் போய்விடுகிறது. சந்து இரண்டரை மில்லிமீட்டராகவும் மேலே உள்ள திறப்பு 10 மில்லிமீட்டராகவும் இருந்து, இரண்டுக்கும் ஒரே அழுத்தமே கிடைக்குமானால், ஒழுங்கான ஓட்டத்தில் மேல் வழியின் வேகம் சந்தின் வேகத்தைப் போல் பதினாறு மடங்கு இருக்கும். விசிறி ஓடுகிறது, காற்று வீசுகிறது, கையை நீட்டினால் கையிலும் படுகிறது; உலோகமோ வெந்துகொண்டிருக்கிறது.

காற்று இவ்வாறு தப்பித்துப் போவதை முறையாக ஆராய்ந்தவர்களில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்பாரோ முதன்மையானவர்; அவரோடு சேர்ந்து 1978-ல் கட்டுரை எழுதிய பாலிகா, பட்டங்கர் ஆகிய இருவரும் இந்தியப் பெயருடையவர்கள் என்பதும், அவர்களுள் பட்டங்கர் திரவ ஓட்டக் கணிதத்தில் உலகப் புகழ் அடைந்தவர் என்பதும் நமக்குச் சந்தோஷம் தருவன. தகடு நுனிக்கு மேல் வெற்றிடம் விட்டால் அந்த நுனிப் பகுதியிலேயே உஷ்ண வெளியேற்றம் அதிகமாகி, அடிப் பகுதி பட்டினி கிடக்கிறது என்று அவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். பிறகு 1986-ல் ஸ்பாரோவும் கட்லேயும் பரிசோதனை செய்து பார்த்தபோது கிடைத்த எண்கள், இத்துறையில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளத் தக்கவை: தகட்டின் உயரத்தில் 10 சதவீத வெற்றிடம் மேலே விட்டால் உஷ்ண வெளியேற்றம் 85 சதவீதமாகக் குறைகிறது, 20 சதவீதம் விட்டால் 74, 30 சதவீதம் விட்டால் 64. தகட்டில் ஒரு குறையுமில்லை, விசிறியில் ஒரு குறையுமில்லை. மூடியைச் சற்று உயர்த்தி வைத்ததற்காக மூன்றில் ஒரு பங்கு நஷ்டம்.

விமானக்காரர்கள் இதை அனுபவத்தில் இன்னும் முன்னரே கண்டிருந்தார்கள். 1920-களின் இறுதியில் அமெரிக்க விமான ஆராய்ச்சிக் குழு, நட்சத்திர வடிவில் அமைந்த எஞ்சினைச் சுற்றி ஒரு தகட்டுக் கூட்டை மாட்டிப் பார்த்தபோது, காற்றின் எதிர்ப்பு வெகுவாகக் குறைந்தது. எஞ்சினுக்கும் போதிய குளிர்ச்சி கிடைத்தது. அந்தக் கூட்டுக்காக 1929-ஆம் ஆண்டின் காலியர் பரிசு அக்குழுவுக்கு வழங்கப்பட்டது. பின்னர் சிலிண்டர்களின் நடுவே தடுப்புத் தகடுகளை நெருக்கமாக வைத்து, உள்ளே வரும் காற்று முழுவதும் ஃபின்களின் சந்து வழியாகவே போக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். திறந்து விட்டால்தான் குளிரும் என்று சாமானிய புத்தி சொல்லும் இடத்தில், மூடினால்தான் குளிரும் என்று பரிசோதனை தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பின் சாட்சி நம் தெருக்களிலும் ஓடிற்று. புல்லட்டும் டிவிஎஸ் 50-ம் சிலிண்டரைத் திறந்து போட்டுக்கொண்டு எதிர்க்காற்றில் குளிர்பவை. பஜாஜ் சேதக் போன்ற ஸ்கூட்டர்களில் சிலிண்டர் பக்கவாட்டில் மறைந்திருப்பதால், எஞ்சினின் ஃப்ளைவீல் சக்கரத்தோடு சுழலும் விசிறியிலிருந்து காற்றை வாங்கி, தகர மூடி ஒன்றின் மூலம் ஃபின்களைச் சுற்றி வரச் செய்திருந்தார்கள். பிளக்கைக் கழற்றி மாட்ட இடைஞ்சலாக இருக்கிறதென்று அந்த மூடியை எடுத்துப் பரணில் போட்டுவிட்டு, வண்டிக்கு ‘நல்ல காற்று வரட்டும்’ என்று எண்ணியவர்கள் உண்டு. அவ்வாறு ஓட்டிய எஞ்சின் பிஸ்டன் இறுகிச் சீஸ் ஆனால், எண்ணெயையும் மெக்கானிக்கையும் திட்டுவதில் நியாயம் இல்லை. எதிர்க்காற்றை நம்பும் எஞ்சினுக்கு மூடி சத்துரு. விசிறியை நம்பும் எஞ்சினுக்கு மூடியே பாதி விசிறி.

இனி மோட்டாரைப் பார்ப்போம். விவசாயத்தில் மிகுதியாகப் பயன்படும் 5 குதிரைசக்தி மோட்டார், தண்டில் 3.7 கிலோவாட் வேலை செய்கிறது. அதன் செயல்திறன் 85 சதவீதம் என்று கொண்டால், 650 வாட் உஷ்ணம் இடைவிடாமல் அதன் உடம்பிலிருந்து வெளியேற வேண்டும். அந்த உஷ்ணத்தைக் காற்று 15 டிகிரி மட்டும் சூடேறி ஏற்றுக்கொண்டு போக வேண்டுமானால், நொடிக்கு ஏறத்தாழ 40 லிட்டர் காற்று வரிகளின் நடுவே பாய வேண்டும். பின்புறம் உள்ள விசிறி இந்தக் காற்றை மூடியின் கீழ் தள்ளுகிறது. ஆனால் மூடியோ பின்புறத்தை மட்டும் மறைத்திருக்கிறது. வரிகளின் மேற்புறம் முழுவதும் திறந்த வெளி. ஆகையால் காற்று புறப்பட்ட இடத்தில் வரிகளைத் தழுவிச் சென்றாலும், முன்புறத்தை நோக்கிப் போகப் போக மேலே விலகிச் சிதறிவிடுகிறது. பம்பின் பக்கமுள்ள முனை எப்போதும் குறைவான காற்றையே காண்கிறது. மூடி நசுங்கி ஒரு பக்கம் உயர்ந்து நின்றால், அல்லது விசிறி உடைந்தபோது கைக்குக் கிடைத்த சிறிய விசிறியை மாட்டிவிட்டால், ஸ்பாரோ அளந்த நஷ்டம் முசிறியில் ஒரு மோட்டார் கொட்டகையில் அப்படியே நடந்தேறுகிறது. விசிறி மூடிக்கும் சுவருக்கும் நடுவே தயாரிப்பாளர் குறிப்பிடும் தூரத்தை விடாமல், மோட்டாரைச் சுவரோடு ஒட்டி வைத்துச் சிமெண்ட் போடுவதும் இவ்வகைப் பிழையே: அங்கே மூட வேண்டிய இடம் திறந்தும், திறக்க வேண்டிய இடம் மூடியும் கிடக்கிறது.

பொதுவான மோட்டார்கள் 40 டிகிரிச் சுற்றுப்புற உஷ்ணத்தை எல்லையாகக் கொண்டே வடிவமைக்கப்படுகின்றன. கத்திரி வெயிலில் திருச்சி மாவட்டத்தின் நிழலில் வைத்த வெப்பமானியே 40-ஐத் தாண்டுவது அபூர்வம் அன்று. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின்கீழ், ஒரு சன்னல்கூட இல்லாத கொட்டகையில், மோட்டார் தான் கக்கிய காற்றையே மீண்டும் சுவாசிக்கும்போது உள்ளே என்ன உஷ்ணம் இருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். காயிலின் மேலுள்ள காப்புப் பொருள், 8 முதல் 10 டிகிரி கூடுதலாகச் சூடேறும் ஒவ்வொரு முறையும் தன் ஆயுளில் பாதியை இழக்கிறது என்பது 1930 முதல் வழங்கிவரும் விதி. அந்த விதியோடு சேர்த்துப் பார்த்தால், மூடியின் ஓரத்தில் உள்ள ஒரு விரற்கடை இடைவெளி, பத்தாண்டு உழைக்க வேண்டிய காயிலை ஐந்தாண்டில் கடைக்கு அனுப்பக்கூடியது என்பது விளங்கும்.

மின்னணுச் சாதனங்களைப் பற்றிச் சிறிய விஷயங்கள் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தட்டையான விசிறியைத் தகடுகளின் மேல் முட்டும்படி வைத்தால், விசிறியின் நடுக் குமிழுக்கு நேர் கீழே காற்றே விழாத ஒரு வட்டம் உண்டாகிறது. சூடான மின்னணுச் சில்லு பெரும்பாலும் அதன் அடியிலேதான் இருக்கும். விசிறியைச் சில மில்லிமீட்டர் உயர்த்தி, அந்த உயரத்தின் பக்கங்களைத் தகட்டால் மூடிவிட்டால் காற்று நடுவிலும் பரவும், இரைச்சலும் குறையும். பக்கங்களை மூடாமல் உயர்த்தினால் வெளியே சிந்திவிடும். மற்றொன்று, சில்லுக்கும் ஹீட் சிங்கின் அடித் தளத்துக்கும் நடுவே தங்கும் காற்றுப் படலம். நான்கு சதுர சென்டிமீட்டர் பரப்பில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் காற்று சமமாகத் தங்கினால், 10 வாட் உஷ்ணம் அதைக் கடப்பதற்கே ஏறத்தாழ 95 டிகிரி வித்தியாசம் வேண்டும். அதே இடத்தில் சாதாரணப் பசையைப் பூசினால் இரண்டரை டிகிரி போதும். ஓடாத காற்றுக்கு இச்சாதனத்தில் எங்கேயும் இடமில்லை.

தகட்டை முழு நீளத்துக்கு விடாமல் துண்டு துண்டாக வெட்டி, துண்டுகளின் நடுவே சிறு வெற்றிடம் விடுவது மற்றொரு வகை. முன்னே சொன்ன மந்தக் காற்றுப் போர்வை ஒவ்வொரு துண்டின் முனையிலும் புதிதாகத் தொடங்குவதால், அது தடிப்பதற்கு அவகாசமே கிடைப்பதில்லை. ஆகவே அதே பரப்பு அதிக உஷ்ணத்தைத் தருகிறது. மோட்டார் வண்டிகளின் ரேடியேட்டரிலும் விமானங்களின் உஷ்ண மாற்றிகளிலும் இந்த யுக்தி வெகு காலமாகக் கையாளப்படுகிறது. கேய்ஸ், லண்டன் ஆகியோரின் 1955-ஆம் ஆண்டுப் புத்தகம் இத்தகைய வடிவங்கள் பலவற்றின் அளவைகளைத் தொகுத்துத் தந்து, இன்று வரை மூல நூலாக விளங்குகிறது. ஆய்வுக்கூடத்தின் சுத்தமான காற்றில் இதைக் காட்டிலும் சிறந்த அமைப்பு இல்லை என்றே சொல்லிவிடலாம். ஆனால் முசிறியில் அடிக்கும் காற்று ஆய்வுக்கூடக் காற்று அன்று. கோரையைக் கிழித்து, காயவைத்து, பாய் நெய்யும் தறிக்கூடங்களில் மிதக்கும் நார்த் தூசும், ஆடிக் காற்று ஆற்றுப் படுகையிலிருந்து வாரிக்கொண்டு வரும் நுண்மணலும், வாழைச் சருகின் துணுக்கும், எவரும் அழைக்காமலே வந்து மண் கூடு கட்டும் குளவியும், ஒவ்வொரு வெட்டு முனையையும் தாம் தங்கும் மடமாக்கிக் கொள்கின்றன. 2 மில்லிமீட்டர் சந்தில் இரு புறமும் அரை மில்லிமீட்டர் தூசு படிந்தால் மிஞ்சுவது ஒரு மில்லிமீட்டர். சந்தில் போகும் காற்று எட்டில் ஒன்று. 8 மில்லிமீட்டர் சந்தில் அதே தூசு படிந்தால் மூன்றில் இரண்டு பங்கு காற்று இன்னும் ஓடும். தூசு நிறைந்த ஊருக்கு, புத்தகம் சொல்லும் உத்தம இடைவெளியைவிடச் சற்று அகலமான இடைவெளியே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். முதல் நாளில் இழக்கும் ஐந்து சதவீதத்தை அது மூன்றாம் மாதத்திலேயே மீட்டுக் கொடுத்துவிடும்.

இந்த அபிப்பிராயத்துக்கு மிகப் பெரிய அளவிலான ஆதாரம் முசிறியிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. திருச்சிக்கு அருகே திருவெறும்பூரில், செக்கோஸ்லோவாக்கியாவின் தொழில்நுட்ப உதவியோடு 1960-களின் நடுவில் எழுந்த ‘பெல்’ கொதிகலன் தொழிற்சாலை, காற்றாலும் புகையாலும் உஷ்ணம் கைமாறும் பிரச்சினையை மாடி வீட்டைவிட உயரமான யந்திரங்களில் சந்தித்து வருகிறது. கொதிகலனிலிருந்து வெளியேறும் புகையின் மிச்ச உஷ்ணத்தை வாங்க, குழாய்களைச் சுற்றித் திருகு வடிவில் தகட்டைப் பற்றவைத்த ஃபின் குழாய்கள், எரிவாயு விசைச்சுழலியின் சுத்தமான புகைக்கு மிகவும் பொருத்தமானவை; அங்கே அவற்றைத் தாராளமாக உபயோகிக்கிறார்கள். ஆனால் நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் 40 சதவீதம் அளவுக்கும் போகும். அத்தகைய புகையில் நெருக்கமான ஃபின்கள் சாம்பலை அடைத்துக்கொள்ளும். அடைபடாத சந்துகளில் புகை வேகம் கூடி உலோகத்தை அரித்துத் தின்றுவிடும். ஆகையால் நிலக்கரிக் கொதிகலன்களில் வழவழப்பான வெற்றுக் குழாய்களை, ஒன்றன் பின் ஒன்றாக நேர் வரிசையில், தாராளமான இடைவெளி விட்டு நிறுத்தி, புகையின் வேகத்தையும் குறைத்து வைப்பதே இந்திய வழக்கமாயிற்று. மேனாட்டு உதவியோடு தொடங்கிய ஒரு துறை, இந்நாட்டுச் சாம்பலிடம் பாடம் கேட்டுத் தன் இடைவெளியைத் திருத்திக்கொண்டது. பரப்பைப் பெருக்கும் ஆசையைவிட வழி அடைபடாமல் காக்கும் விவேகம் அங்கே ஜயித்தது.

டிரான்ஸ்பார்மரின் விஷயம் சற்று வேறு. அதன் ரேடியேட்டருக்குள் எண்ணெய் தானே இறங்குகிறது, வெளியே காற்று தானே ஏறுகிறது. விசிறி இல்லை, ஆகவே மூடியும் கூடாது. இந்தியத் தரநிலை 50 டிகிரிச் சுற்றுப்புற உஷ்ணத்தைக் கணக்கில் கொண்டே டிரான்ஸ்பார்மரை அமைக்கச் சொல்கிறது என்பதால், மோட்டாரைவிட இதற்கு நம் ஊர் வெயில் பழக்கப்பட்டது எனலாம். ஆனால் கீழிருந்து குளிர்ந்த காற்று புக வேண்டிய இடத்தில் வேலிக்கொடி படர்ந்து, சுற்றுச் சுவரை முழங்கால் உயரத்துக்கு மேல் இடைவெளியின்றி எழுப்பிவிட்டால், தகடுகளின் நடுவே எத்தனை அகலம் விட்டிருந்தும் ஏறுவதற்குக் காற்று இராது. சூரியசக்தி பம்பின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் இதே நியாயம். அதன் ஹீட் சிங்கின் தகடுகள் மேலும் கீழுமாக நிற்க வேண்டும். பெட்டியைப் படுக்கவைத்து மாட்டினால் சந்துகள் குறுக்கே கிடந்து, எழும் காற்றைத் தாமே தடுத்துக்கொள்ளும். அதைச் சூரியப் பலகையின் நிழலில், மேலும் கீழும் காற்றுப் போக இடம் விட்டுத் தொங்கவிடுவது நலம். கருப்புப் பூச்சு கதிர்வீச்சால் உஷ்ணத்தை வெளியேற்ற உதவும் என்பது மெய்; விசிறியில்லாத சாதனத்தில் கால் பங்கு உஷ்ணங்கூட அந்த வழியில் போகலாம். ஆனால் அதே கருப்பு, நேர் வெயிலில் உஷ்ணத்தை வரவேற்கவும் செய்யும். நிழலில்லாத கருப்பு ஹீட் சிங்க் பகல் பன்னிரண்டு மணிக்குச் செய்யும் உபகாரம் சொற்பமே.

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்கும்போது, இத்துறையின் கணிதம் பெரும்பாலும் முடிந்த காரியம் என்றும், அதன் பிரயோகமே இன்னும் முடியாத காரியம் என்றும் எனக்குத் தோன்றுகிறது. பிரசித்தமான சூத்திரங்கள் அனைத்தும் புதிய, சுத்தமான தகட்டுக்கு எழுதப்பட்டவை. தூசு படிந்த தகட்டுக்கும் நசுங்கிய மூடிக்கும் சன்னல் இல்லாத கொட்டகைக்கும் எழுதப்பட்ட அட்டவணையை நம் விவசாயியின் கையில் எவரும் கொடுக்கவில்லை. திருச்சியிலேயே 1964-ல் தோன்றிய பொறியியல் கல்லூரி இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகமாக நிற்கிறது. சென்னையில் 1959-ல் ஜெர்மானிய உதவியோடு எழுந்த ஐ.ஐ.டி. இருக்கிறது. அவற்றின் மாணவர்கள் தங்கள் ஆய்வேடுகளுக்கு மற்றொரு புதிய தகடு வடிவத்தைக் கம்ப்யூட்டரில் வரைவதற்குப் பதிலாக, வைகாசி மாதத்தில் முசிறிக்கும் தொட்டியத்துக்கும் வந்து, ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார்களின் உடம்பில் வெப்பமானியைக் கட்டி, மூடியைச் சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் அளந்து வெளியிட்டால், அது ஊருக்கும் சாஸ்திரத்துக்கும் ஒருசேரப் பிரயோஜனமாகும்.

அதுவரை, மோட்டார் வைத்திருக்கும் வாசகர்கள் ஒரு காரியம் செய்யலாம். சித்திரை பிறக்குமுன் ஒரு நாள் மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கி வைத்துவிட்டு, விசிறி மூடியைக் கழற்றி, வரிகளின் நடுவே உள்ள தூசையும் குளவிக் கூட்டையும் உலர்ந்த தூரிகையால் நீக்குங்கள்; நசுங்கிய மூடியைத் தட்டி நேராக்குங்கள்; விசிறியின் இறக்கைகள் முழுமையாக இருக்கின்றனவா என்று பாருங்கள்; பிறகு அந்த மூடியை நான்கு திருகாணிகளோடும் மறுபடி இறுக மாட்டிவிடுங்கள்.